உட்காராத கிளியம்மாள்

தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு, கேன்டீன் தூணில் தோள் மட்டும் லேசாகப் பட, நின்றபடியேதான் சாப்பிடுவார் கிளியம்மாள். சாம்பார் சாதம் ஒரு வாய், பச்சை மிளகாயில் ஒரு கடி. மறுபடி ஒரு வாய், மறுபடி ஒரு கடி. நானும் காரம் தின்பவள்தான், ஆனால் இது காரம் தின்கிற தினுசே இல்லை. மருந்து விழுங்குகிற மாதிரி கண்ணை அகல விரித்துக்கொண்டு தின்பார். பக்கத்தில் நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் யாராவது, "உக்காருங்கக்கா" என்று ஒன்றை இழுத்துப் போட்டால், "நீ குந்து கண்ணு. எனுக்கு நின்னாத்தான் துன்றது உள்ள எறங்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரகடத்தில் காருக்கு சீட்டு தைக்கிற கம்பெனி எங்களுடையது. நாள் முழுக்க ஊர் உலகத்தார் உட்காருவதற்கு மெத்தையும் சாய்மானமும் செய்து அனுப்புகிறோம். அந்தக் கூரைக்குக் கீழே ஒரு பெண்மணி வருஷக்கணக்காக உட்காரவே இல்லை என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கும். தையல் லைன் பையன்கள் அவருக்கு 'பேட்டரியக்கா' என்று பேர் வைத்திருந்தார்கள். "சார்ஜே எறங்காதுபா" என்பார்கள். கிளியம்மாள் ஹவுஸ்கீப்பிங், அதாவது காண்ட்ராக்ட் ஆள். புடவைக்கு மேலே நீலக் கோட்டு, கையில் மாப்பு. தரையைத் துடைத்துக்கொண்டே போவார், துடைத்துக்கொண்டே வருவார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைப்பதும் உண்டு. அதையும் சுத்தக்காரி என்று மெச்சினார்களே ஒழிய ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

வடக்குப்பட்டிலிருந்து நடந்தேதான் வருவார். ஷேர் ஆட்டோக்காரர்கள் பக்கத்தில் நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். "நடந்தா ஒடம்பு எளைக்கும், நீ போ" என்று விரட்டிவிடுவார். உடம்பு இளைத்ததா என்றால் அதுவும் இல்லை. கனத்த உருவம். கணுக்கால் இரண்டும் வீங்கி, ஆடுசதையில் பச்சை நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். முன்பல் ஒன்று பாதி கிடையாது. வலது முன்கையில் அடுப்புச் சூடு பட்ட தழும்புகள், பழையதும் புதியதுமாக. கோட்டுப் பையில் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. சிரிக்க மாட்டார். யாராவது நல்ல ஜோக் சொன்னால் சட்டென்று அந்த இடத்தை விட்டே போய்விடுவார். சிடுமூஞ்சி என்று நானும் நினைத்ததுண்டு.

அவரை நான் உட்காரவைத்தது ஒரு மழை நாளில். நான் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். ஷட்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. கிளியம்மாள் தள்ளித் தள்ளி ஓய்ந்து நின்றார். முட்டி வரை நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்து, தோளைப் பிடித்து அழுத்தி ஸ்டூலில் உட்காரவைத்தேன். "வேணா சுபா, நான் நின்னுக்கினே..." என்று திமிறினார். என் பிடி எப்போதுமே கொஞ்சம் உடும்புப் பிடி. ஊரில் அவர் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "ஓடு மாத்தணும்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னா அவுரு..." அவ்வளவுதான். பேச்சு அறுந்தது. டீ டம்ளர் கையிலிருந்து நழுவி மடியெல்லாம் கொட்டியது. சூடு பட்டும் அசையவில்லை. மயக்கம் என்று நினைத்து நான் போட்ட கூச்சலில் மழைச் சத்தமே அடங்கியிருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் சீராக மூச்சு வருகிறது. தூங்குகிறார்!

கொஞ்ச நேரத்தில் தானாகவே விழித்தார். மடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த முகத்தை என்னவென்று எழுதுவது? நடுத்தெருவில் புடவை அவிழ்ந்துபோனவள் முகம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிடாத. உன் கால்ல வேணா வுழறேன்" என்றார். நான் என்ன பெரிய சங்கதி என்று, "நைட் ஷிஃப்ட் பாத்தா யாருக்குமே இப்படித்தாங்க்கா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "எனுக்கு ஏது நைட்டு? ராத்திரி பூரா தூங்கிட்டுத்தான் வரேன்."

உண்மைதான். எங்கள் பக்கத்தில் தூக்கத்துக்கு ஒரு மரியாதை உண்டு. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், வாயைத் திறந்துகொண்டு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருப்பார்கள். இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தவன் ஃபோர்க்லிஃப்ட் நிழலில் படுத்தால் தாண்டித்தான் போவார்கள். உழைத்துக் களைத்த தூக்கம், அதில் வெட்கம் கிடையாது. கிளியம்மாளின் தூக்கம் அந்தக் கணக்கில் சேராது என்று அவருக்கே தெரியும். இரவெல்லாம் தூங்கியும், காலையில் பாத்திரம் தேய்க்கக் குந்தினால் தூக்கம். கல்யாண வீட்டில் பந்தியில் இலைமேல் தலை கவிழ்ந்திருக்கிறார். சாவு வீட்டில், அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவில் குறட்டை விட்டிருக்கிறார். அதற்கப்புறம் நல்லது கெட்டது எதற்கும் போவதில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி ஒருமுறை சிங்கப்பெருமாள் கோவிலில் இறக்கிவிடப்பட்டார். குடித்திருக்கிறாள் என்று அங்கே நாலு பேர் பேசினார்களாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. அதை என் முகம் பார்க்காமல், ரேக்கைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார். மகள் பூர்ணிமா கைக்குழந்தையாக இருக்கும்போது பால் கொடுக்க உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். குழந்தை மடியிலிருந்து உருண்டு அம்மிக்கல் விளிம்பில் மோதிப் புருவம் கிழிந்துவிட்டது. கழனியிலிருந்து வந்த கணவர் தேவராஜன் தெருவே கேட்கிற மாதிரி, "பெத்த புள்ளைய விட உனுக்குத் தூக்கம் பெருசாப் பூட்ச்சா?" என்று கேட்டிருக்கிறார். "அன்னியிலேர்ந்து நின்னுக்கினேதான் பால் குடுத்தேன். குந்தறதையே வுட்டுட்டேன்" என்றார் கிளியம்மாள். பூர்ணிமா இப்போது கல்யாணமாகி மணிமங்கலத்தில் இருக்கிறாள். ஊரிலிருந்து அவள் வரும்போதெல்லாம் அந்தப் புருவத்தைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டதாகவும் சொன்னார்.

பிடித்த பிடியாக நின்று நான்தான் அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். தலையெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துச் சோதனை செய்தார்கள். டாக்டர் பொறுமையான மனுஷி. மூளையில் விழிப்பைப் பிடித்துவைக்கிற சரக்கு இவருக்குக் குறைந்துபோயிருக்கிறது, அதனால் நினைத்த நேரத்தில் தூக்கம் தள்ளிவிடுகிறது, சிரித்தால் முட்டி தளர்வதும் இதனால்தான் என்று விளக்கினார். அப்போதுதான் அந்தச் சிடுமூஞ்சிக்கு எனக்கு அர்த்தம் விளங்கியது. "இவ்வளவு வருஷம் கவனிக்காம விட்டதுலதான் வெயிட்டும் ஏறி, சுகர், பிரஷர் எல்லாம் சேந்துகிச்சு. தொடச்ச எடத்தையே மறந்து மறுபடி தொடைக்கிறதும் இதோட சேர்ந்ததுதான். நின்னு நின்னு காலும் போச்சு. இது நோய்மா, உங்க குத்தம் ஒண்ணும் கெடையாது" என்றார். காலையில் மாத்திரை, மத்தியானம் கம்பெனியில் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்து எழ வேண்டும், வண்டி கிண்டி தொடவே கூடாது என்று அனுப்பினார்.

திரும்பும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே கிளியம்மாள் என்னிடம் பொரிந்து தள்ளினார். "வியாதின்னா காய்ச்சல் வரணும், இருமல் வரணும். தூங்கறதுக்கு ஒரு வியாதின்னா கேக்கறவன் கைகொட்டிச் சிரிக்க மாட்டான்? சூப்ரைசர்கிட்ட போயி, சார் சார் நான் கொஞ்சம் படுத்துக்கறேன்னு கேக்கச் சொல்றியா? காண்ட்ராக்டுல கீறவ நானு. அன்னிக்கே கேட்டுக்கு வெளிய நிப்பேன்." மாத்திரையைக் கொஞ்ச நாள் சாப்பிட்டார். நெஞ்சு படபடவென்கிறது என்று அதையும் விட்டுவிட்டார். டாக்டரிடம் போய்ச் சொன்னால் மாற்றித் தருவார் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கல்லில் நார் உரிக்கிற வேலை அது.

இந்த நிலைமையில்தான் இசக்கிபாண்டி ஒரு நல்லது செய்தார். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், நெல்லைப் பக்கத்துக்காரர், மனசில் கபடம் கிடையாது. தரை துடைக்கும் மெஷின் ஒன்றைக் கம்பெனி வாங்கியது. சின்னக் கார் மாதிரி இருக்கும். மேலே ஏறி உட்கார்ந்து, காலால் பெடலை மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். கீழே பிரஷ் சுற்றித் துடைத்துக்கொண்டே போகும். அதை ஓட்ட கிளியம்மாளைத்தான் போட வேண்டும் என்று மேனேஜரிடம் மல்லுக்கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் மனுஷர். "எக்கா, ஒங்க காலப் பாத்துப் பாத்து எனக்கே சங்கடமா இருக்கு. இனிமே நீங்க ராணி கணக்கா ஒக்காந்துக்கிட்டே போவலாம். பேரு ஆப்பரேட்டரு, தெரியும்லா?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கிளியம்மாள் பார்த்த பார்வை இருக்கிறதே. "எனுக்கு இன்னாத்துக்கு சார் இத்தெல்லாம்? மாப்பே போதும்." "சும்மா இரிங்கக்கா." "எனுக்கு சைக்கிளே வராது சார்." "கத்துக் குடுக்க ஆளு வருது." அவ்வளவுதான் அவரிடம் இருந்த சாக்குகள். நிஜமான ஒரு காரணம் இருந்தது, அது வாய்க்குள்ளேயே கிடந்தது. பயிற்சி நாளில் மெஷின் விற்ற கம்பெனியின் ஆள் கூடவே நடந்து வர, மிளகாயை மென்றபடி கண்ணில் நீர் வழிய ஓட்டினார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அந்த ஆள் போட்டோ எடுத்தான்.

எனக்கு வந்ததே கோபம். ஸ்டோர்ஸுக்குள் இழுத்துக்கொண்டு போய், "அந்தப் பாதையில ஆளுங்க நடக்கறாங்கக்கா. நீங்க தூங்கி யார் மேலயாவது ஏத்தினா? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆயுத பூஜை வரைக்கும் வுட்டுடு. எங்க வூட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு, என் பொண்டாட்டி ஆப்ரேட்டர்னு. கல்யாணம் கட்டிக்கினு வந்ததுலேர்ந்து அவுரு என்னைப் பத்தி வெளிய நல்லதா ஒரு வார்த்த சொன்னதில்ல. பூஜைக்கு ஒருவாட்டி ஓட்டிட்டு எறங்கிடறேன். மறுநாளு நானே சொல்றேன், பொண்ணு மேல சத்தியமா." பூஜை போட்ட பிறகுதான் மெஷின் வேலைக்கு இறங்கும். ஒரே ஒரு தடவை, எலுமிச்சம்பழம் நசுக்குகிற தூரம். சரி போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் குடும்பத்தோடு வரலாம். தையல் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். ஃபோர்க்லிஃப்டுக்கு வாழைக்கன்று கட்டி, பார்க்கப் பெண்ணழைப்பு கார் மாதிரி நிற்கும். புது மெஷினுக்கு ரோஜா மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், ஓரத்தில் மேளக்காரன். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். தேவராஜன் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் இருந்தார். பக்கத்தில் பெயின்ட் செக்‌ஷன் மஹாலட்சுமியின் மாமியார், மூட்டுவலிக்காரர், காலை முன்னால் நீட்டிப் போட்டுக்கொண்டு சுண்டல் தின்றுகொண்டிருந்தார். "அதோ நிக்கிது பாரு, எங்க வூட்டுக்காரி" என்று தேவராஜன் அந்தம்மாவிடம் காட்டியது என் காதில் விழுந்தது.

கிளியம்மாள் அன்று விடியற்காலையிலிருந்து ஷெட் முழுக்கக் கழுவியிருந்தார். பொங்கல் வேறு வயிற்றில். அரக்குப் புடவை, தலையில் கனகாம்பரம், வாயின் ஓரத்தில் அடக்கிவைத்த மிளகாய். இசக்கிபாண்டி மைக்கில், "வருசக்கணக்கா ஒரு நிமிசம் கூட ஒக்காராம ஒழைச்ச எங்க அக்காவ ஒக்கார வைக்கோம்!" என்று கத்த, ஜனங்கள் கைதட்ட, கிளியம்மாள் ஏறி உட்கார்ந்தார். குனிந்த தலை. நாணம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. மெஷின் உறுமிக்கொண்டு மெதுவாக மஞ்சள் கோட்டோடு நகர்ந்தது. நின்றுவிடும், இதோ இறங்கிவிடுவார் என்று பார்க்கிறேன். "போங்கக்கா, போங்க, கடைசி வரைக்கும்!" என்கிறார் இசக்கிபாண்டி. ஒரே சீரான அந்த உறுமல், ஆட்டம், ஷெட்டின் புழுக்கம். அவர் தலை ஒருமுறை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது, நிமிரவில்லை. கைப்பிடி இடப்பக்கம் திரும்பியது. மெஷின் மஞ்சள் கோட்டைத் தாண்டி நேராக நாற்காலிகளைப் பார்த்துப் போனது. "அக்கா!" என்று நான் அலறியது மேளச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. மஹாலட்சுமியின் மாமியார் ஓட்டத் தெரிந்த பெண்ணை மெச்சிச் சிரித்துக்கொண்டு, நீட்டிய கால் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.

தூக்கத்தில் கிளியம்மாளின் கால் துவண்டு பெடலிலிருந்து நழுவியது. மெஷின் நின்றது. அந்தம்மாவின் பாதத்துக்கும் பிரஷுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது! விசில் வேறு. "பிரேக்குன்னா இதான்டா பிரேக்கு" என்று ஒருவன் கத்தினான். "பாத்தியளா எங்க அக்கா கண்ட்ரோல!" என்று மைக்கில் இசக்கிபாண்டி. அந்தச் சத்தத்தில்தான் கிளியம்மாள் கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தார். பிறகு பிரஷைப் பார்த்தார், பக்கத்தில் நீண்டிருந்த அந்தக் காலைப் பார்த்தார். "சோக்கா ஓட்டறியேம்மா" என்று அந்தம்மா அவர் முழங்கையைத் தட்டிக் கொடுத்தார். தேவராஜன் எழுந்து நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் சிரித்துக் கிளியம்மாளே பார்த்திருக்க மாட்டார்.

பேசாமல் இருந்திருந்தால் அத்தனை கைதட்டலும் அவருக்குத்தான். அவர் சாவியைத் திருகி எடுத்தார். இறங்கினார். இசக்கிபாண்டியிடம் போனார்.

"இன்னொரு ரவுண்டு போவோமாக்கா?"

"கை தட்ட வேணாம்னு சொல்லு சார். நான் பிரேக்கு போடல. தூங்கிட்டேன்."

மைக் பக்கத்திலேயே இருந்தது. ஷெட் முழுக்கக் கேட்டது. நாலைந்து பேர் சிரித்தார்கள். இசக்கிபாண்டி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னக்கா சொல்லுதிய? தமாசு பண்ணாதிய" என்றார்.

"தமாசு இல்ல சார். எனுக்குத் தூக்க வியாதி கீது. குந்துனா தூங்கிடுவேன், அதான் குந்தறதில்ல. வண்டியத் தொடாதன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வெக்கமா இருந்திச்சி, உன்கிட்ட சொல்லல." நீட்டியபடி இருந்த அந்தக் காலைக் கையால் காட்டினார். "அந்தம்மா கால் போயிருக்கும் சார்."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மேளக்காரன் எதற்கென்று தெரியாமல் தானும் நிறுத்தினான். மஹாலட்சுமியின் மாமியார் இப்போதுதான் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். தேவராஜன் நின்ற இடத்திலேயே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிளியம்மாளின் முகம், கழுத்து, காது எல்லாம் சிவந்து கறுத்துப்போயிருந்தது. இத்தனை ஜனம் பார்க்க அவர் முகத்தை மூடிக்கொள்ளவும் இல்லை.

"சரிக்கா, அதெல்லாம் பொறவு பேசிக்கிடலாம். இன்னைக்கு நல்ல நாளு, சாவிய வச்சிக்கிடுங்க" என்றார் இசக்கிபாண்டி. பாவம், அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சாவியை வாங்காமல் கையை விரித்தபடி நின்றார்.

கிளியம்மாள் அந்த விரித்த கையில் சாவியை வைத்தார். அவர் கையை மூடவில்லை என்றதும், சுண்டுவிரலில் ஆரம்பித்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தானே மடக்கிவிட்டார்.